உப்பு பார்க்கிறவள்

21.10.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்துசெல்வி எழுதுகிறேன். அயர்லாந்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் ஆவுடைத்தாய் அத்தையிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் இடம் ஆஸ்பத்திரி அல்ல, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். நம் நாட்டு ஆள் நான் ஒருத்திதான். எல்லாரும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இவர்கள் பேசும் இங்கிலீஷ், வண்டியில் கட்டாத மாடு மாதிரி ஓடுகிறது. பாதி புரிவதற்குள் மீதி போய்விடுகிறது. நான் சிரித்துவைக்கிறேன்.

தங்குவதற்கு இல்லத்தின் பின்பக்கம் ஓர் அறை. ஒற்றை அடுப்பு இருக்கிறது. சோறு வைத்து, நீங்கள் கொடுத்த பருப்புப்பொடி போட்டுச் சாப்பிடுகிறேன். ஓர் அதிசயம் சொல்கிறேன். இங்கே கரிசல் போலவே கறுப்பான மண் உண்டு. அதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறார்கள். தெரு முழுக்க அந்தப் புகை வாசம்.

காலையில் சாம்பாருக்கு யார் உப்பு பார்க்கிறார்கள், அப்பா? சமைக்கிறவன் வாய் வைக்கக்கூடாது என்று, எட்டு வயதிலிருந்து என் உள்ளங்கையில்தான் ஊற்றிக் கேட்பீர்கள். நான் 'சரி' என்றால்தான் கடையில் முதல் இலை விழும். கிளம்பின அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எழுதுங்கள்.

அன்பு மகள்,
முத்துசெல்வி

*

கோவில்பட்டி
9.11.2001

அம்மா முத்துசெல்விக்கு அப்பா தங்கசாமி எழுதிக்கொண்டது. இங்க எல்லாரும் சுகம். நீ சுகமா இருக்கணும்னு கதிரேசன் மலை முருகனக் கும்பிட்டுக்கிட்டு எழுதுதேன். முழங்கால் பரவாயில்ல.

உன் கடுதாசி வந்த அன்னைக்கு நல்ல மழை. எட்டயபுரம் ரோடு பூரா சகதி. சாப்பிட வந்தவிய காலோட கரிசலைக் கொண்டாந்து கடையெல்லாம் அப்பிட்டாவ. அதைக் கழுவிக்கிட்டே உன் கடுதாசிய வாசிக்கச் சொல்லிக் கேட்டான் நம்ம சப்ளையர் சிவனாண்டி. "மண்ணை எரிக்கானா? அப்ப நம்ம ஊர்ல மொதலாளி விறகுக்கு ஏன் அலையுதீய, இந்தா கெடக்கு பெஞ்சிக்கு அடியில ரெண்டு மூடை"ங்கான்.

ஒரு காரியம் செய்யணும் நீ. நான் இருபத்தாறு வருசமா சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன். மதுரைக்குத் தெக்க எல்லாக் கடையிலயும் சாப்பிட்டுப் பாத்திருக்கேன். கடல் தாண்டின கடைய யாரு பாத்தா? லீவு அன்னைக்கு அங்கன உள்ள ஓட்டல்ல போய்ச் சாப்பிடு. என்ன போடுதான், எப்படிப் பரிமாறுதான், மொதல்ல என்ன வைக்கான், ஒன்னு விடாம எழுது. பொடியும் சோறும் எத்தனை நாளைக்கு? உடம்பு என்னத்துக்கு ஆகும்?

தீப்பெட்டி ஆபீஸ் செண்பகராஜ் அண்ணாச்சி உன்னை விசாரிச்சாவ. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ.

இப்படிக்கு,
அப்பா

*

2.12.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் சுகம். நீங்கள் இரவில் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள், மார்கழிப் பனி வரப்போகிறது.

நீங்கள் சொன்னபடி ஓட்டல் பார்த்தேன். இல்லத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு சின்ன டவுன். பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே அந்தக் கடை. முகப்பு முழுக்கச் சிவப்புச் சாயம். கண்ணாடியில் தங்க நிறத்தில் பெரிய எழுத்து. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இன்றைய சூப் என்ன என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதுகிறார்கள். இன்று காய்கறி சூப். மழை பெய்தால் எழுத்து வழிந்துவிடும், மறுபடி வந்து எழுதுகிறார்கள்.

சூப் அகலக் கிண்ணத்தில் வருகிறது. ஆரஞ்சு நிறம், கூழ் பதம். கூடவே தவிட்டு நிறத்தில் கனமான ரொட்டி இரண்டு துண்டு, வெண்ணெய். அதன் பிறகு பெரிய தட்டு. அதில் கறி, முட்டைகோஸ், கேரட், உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு ஒரே தட்டில் மூன்று விதமாக இருக்கிறது, அப்பா! மசித்தது ஒரு குவியல், சுட்டது இரண்டு, வறுத்தது ஒரு கை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் கறியைத் தொட்டார். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. ஒருவர் சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உப்பு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தேன், எழுதவில்லையே.

அன்புடன்,
முத்துசெல்வி

*

கோவில்பட்டி
20.12.2001

அம்மா முத்துசெல்விக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உன் உடம்பைப் பாத்துக்கோ.

நீ எழுதினதை மத்தியானம் கூட்டத்துல சிவனாண்டி சத்தம் போட்டு வாசிச்சான். செண்பகராஜ் அண்ணாச்சி கையில பிசைஞ்ச சோத்தோட அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தாவ. "உருளைக்கெழங்குக்குத் தொட்டுக்கிட உருளைக்கெழங்கா? வெளங்கும்"னு சொல்லவும் கடையே சிரிச்சிட்டு. "மூணு வகை கூட்டுன்னு சொல்லி நம்ம மொதலாளியும் இதைச் செய்வாரு, பாத்துக்கிடுங்க"ன்னு சிவனாண்டி வேற.

சாப்பிட்ட பிறவு அரைமணி நேரம் உக்காந்திருக்கான்னா எப்படிக் கடை நடத்துதான்? இங்கன இலைய எடுக்கும் முன்ன அடுத்த ஆளு முதுகுக்குப் பின்னால வந்து நிப்பான். ஒரு வேளை அங்கன ஆளு கம்மி போல.

அந்தச் சூப்பு எப்படி? நீ யார் கூடப் போற? பக்கத்துல யாரு உக்காருதா? அதையும் எழுது. ஆவுடைத்தாய் வெத்தலைய இடிச்சுக்கிட்டே, பிள்ளை தனியாப் போகுதான்னு கேட்டா.

மருந்து எண்ணெய் தடவுதேன். கவலைப்படாத.

அப்பா

*

20.1.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்ததா? நம் கடைக்கு அன்று லீவு, நீங்கள் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்? நான் நலம். லேசாகச் சளி, அவ்வளவுதான்.

அத்தையிடம் சொல்லுங்கள், நான் தனியாகப் போவதில்லை. கூட வேலை பார்க்கும் நோரா என்ற பெண் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் போகிறோம். போன வாரம் ஆட்டுக்கறிக் குழம்பு. குழம்பு என்றால் மிளகாய் கிடையாது, வெளுத்த நிறம். கறித்துண்டு, வெங்காயம், மறுபடியும் உருளைக்கிழங்கு. மீன் போட்ட வெள்ளை சூப் ஒன்று உண்டு, அதற்கு வேறு பெயர். ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்டு, மேலே பாலாடை ஊற்றித் தருகிறார்கள். அந்தப் பாலாடை மெதுவாக வழிந்து தட்டின் ஓரத்துக்கு வரும்.

மேகம் மூடி மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. அப்போது உள்ளே விளக்குப் போடுவார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மஞ்சளாக இருக்கும். ஜன்னல் பக்கக் குழந்தைகள் அதில் விரலால் படம் போடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், அப்பா. பரிமாறும் பெண் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருப்பாள். மூன்று தட்டை ஒரே கையில் தூக்குவாள், நம் சிவனாண்டி அண்ணன் மாதிரி.

உப்பு யார் பார்க்கிறார்கள்?

அன்புடன்,
முத்துசெல்வி

*

கோவில்பட்டி
14.3.2002

அம்மா முத்துசெல்விக்கு,

அப்பா எழுதுதேன். சளி விட்டுட்டா? பதில் போட ரொம்ப நாளாயிட்டு. உடம்புக்கு ஒன்னும் இல்ல. உன் கடுதாசி மூணையும் எடுத்து வச்சுத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருந்தேன். மனசுல ஒன்னு உறுத்துச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துட்டேன்.

நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ். நீ பெரிய படிப்பு படிச்சவ. ஆனா கடை விசயம் எனக்குத் தெரியும். ஒரு கடைக்குள்ள போனா மொதல்ல வாறது சத்தம். கரண்டி சத்தம், தட்டு வைக்க சத்தம், உள்ள ஒருத்தன் ஒருத்தனை ஏசுத சத்தம். உன் கடுதாசியில சத்தமே இல்ல. உள்ள உக்காந்து சாப்பிடுதவனுக்குப் போர்டு தெரியாது, அடுப்படி வாசல்தான் தெரியும். நீ வாசல் போர்டை எழுதியிருக்க, கண்ணாடி எழுத்து எழுதியிருக்க, அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு எழுதல.

அது கூடப் போவட்டும். எட்டு வயசுலருந்து எனக்கு உப்பு பாத்துச் சொன்ன பிள்ளை நீ. ஒரு சொட்டு நாக்குல பட்டா, ஒரு கை, அரைக் கைன்னு சொல்லுவ. ரெண்டு கடுதாசி, அத்தனை வகைச் சாப்பாடு. ஒன்னுலயாவது உப்பு கூட, கொறைச்சல்னு ஒரு வார்த்தை இல்லயே தாயி.

கோவத்துல கேக்கல. வாசிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டாலும் சரி. நல்லா இரு.

அப்பா

*

12.5.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதம் மார்ச் மாதமே வந்துவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

நான் இன்னும் எந்தக் கடைக்குள்ளும் போகவில்லை.

நோரா இருப்பது நிஜம். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். நான் ஒரு மணி பஸ்ஸில் போவேன். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் ஜன்னலோர மேசை மூன்றும் தெரியும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படிப்பது போல நின்று உள்ளே பார்ப்பேன். மூன்றரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பையில் ரொட்டி வைத்திருப்பேன், பெஞ்சிலேயே சாப்பிடுவேன்.

இரண்டு தடவை சாலையைத் தாண்டினேன். இரண்டாவது தடவை கதவின் பிடியில் கையும் வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கணவனும் மனைவியும் வெளியே வந்தார்கள். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார்கள். நான் "ஸாரி" என்று சொல்லி, வேறு எங்கோ போகிறவளைப் போல நேராக நடந்துவிட்டேன். ரொம்ப தூரம் நடந்தேன். அன்றைக்கு மூன்றரை பஸ் போய்விட்டது.

பணத்துக்குக் குறையில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை. ஒற்றை ஆளாக உள்ளே போய் எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, சாப்பிடும்போது எதைப் பார்ப்பது, இது எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு பேருக்குத் தினமும் ஊட்டிவிடுகிறேன். எனக்கு முன்னால் ஒருவர் தட்டு வைப்பதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

பொய் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். கடையில் எல்லாரிடமும் சொல்லவேண்டாம்.

முத்துசெல்வி

*

கோவில்பட்டி
30.5.2002

என் தாயி முத்துசெல்விக்கு,

அப்பா நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டுட்டு இதை வாசி.

யார்ட்டயும் சொல்லல. சிவனாண்டி கேட்டான், அயர்லாந்துச் சாப்பாடு என்னாச்சுன்னு. தபால் வரலன்னுட்டேன்.

நீ கேட்டது எல்லாம் சரிதான். உனக்கு எப்படித் தெரியும்? நம்ம கடையில முன்பக்கம் இருக்கது எட்டு பெஞ்சி. உன்னை ஒரு நாளாவது அதுல உக்கார வச்சு இலை போட்டிருக்கனா? வயசுப் பிள்ளை முன்னால வரக்கூடாதுன்னு உங்கம்மா இருக்கயில சொன்னேன், அவ போன பிறவும் அதையே சொன்னேன். அடுப்புக்குப் பின்னால மணைப்பலகையில உக்காந்து சாப்பிட்டே வளந்துட்ட. காலேஜு படிக்க வச்சேன், பிளேனு ஏத்தி விட்டேன், ஒரு பெஞ்சியில உக்கார வைக்கல. அது என் தப்பு.

இப்ப நான் சொல்லுததைக் கேளு. ஒத்த ஆளா கடைக்கு வாறவன் எல்லாம், நாலு பேரு நம்மளைப் பாக்கானேன்னுதான் நெனைப்பான். ஒருத்தனும் பாக்க மாட்டான். சாப்பிடுதவன் கண்ணு அவன் இலையில இருக்கும். பாக்கது கல்லாவுல இருக்கவன் ஒருத்தன்தான். அவன் எதுக்குப் பாக்கான்? வந்தவன் வயிறு காஞ்சு திரும்பிரக் கூடாதேன்னு பாக்கான். இருபத்தாறு வருசமா நான் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒத்த ஆளு வந்தா ரெண்டாம் சாம்பாரை நானே கொண்டுபோய் ஊத்துவேன். அந்தக் கடையிலயும் ஒருத்தன் இருப்பான்.

நீ மூணு தடவை கேட்டுட்ட, உப்பு யாரு பாக்காவன்னு. யாரும் பாக்கல. ஆவுடைத்தாய்க்கு வெத்தலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போச்சு. சிவனாண்டி ரத்தக் கொதிப்புன்னு வீட்டுல உப்பில்லாமத் திங்கான், அவனுக்கு எதைக் கொடுத்தாலும் கரிக்கும். நான் அனல்ல நின்னு நின்னு, எனக்கு வெந்ததா வேகலயான்னு தெரியுமே தவிர வேற ஒன்னும் தெரியாது. வாய் வைக்கக்கூடாதுங்கது எங்கய்யா சொன்னது, அதை விடவும் மனசு இல்ல. கையளவுல போடுதேன். ஒரு நா கூடிப்போகுது, ஒரு நா இல்லாமப் போகுது. செண்பகராஜ் அண்ணாச்சி, "தங்கசாமி, குளத்தூர் உப்பளத்தையே உள்ள தள்ளிட்டியா"ன்னு சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாவ. ரெண்டு மாசமா அவிய வரல. ஆபீஸ் ஆளுகளும் வரல.

அதனால கேக்கேன். எனக்காகப் போ. அந்தக் காய்கறிச் சூப்புல உப்பு எப்படி இருக்கு, அவன் எப்படிப் போடுதான்னு பாத்து எழுது. அப்பாவுக்குத் தொழிலுக்கு வேணும்.

கடவுள் துணை.
அப்பா

*

23.6.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். இன்று ஞாயிறு. இப்போதுதான் அறைக்கு வந்தேன், கையோடு எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் சத்தம். நீங்கள் சொன்ன அதே சத்தம். அடுப்படி வலது கைப்பக்கம். உள்ளே ஓர் ஆள் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார், வார்த்தை புரியாவிட்டாலும் ஏச்சு என்று தெரிந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். சட்டைக் கையைச் சுருட்டிய பெண் வந்து, "ஒருத்தர்தானா?" என்று கேட்டாள். ஒருத்தர்தான் என்றேன். ஜன்னலோர மேசையைக் காட்டினாள். உட்கார்ந்து பார்த்தால் சாலைக்கு எதிரே பஸ் நிறுத்தம் தெரிகிறது. என் பெஞ்சு காலியாக இருந்தது. கண்ணாடி எழுத்து உள்ளேயிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரிகிறது. அது எனக்கு இவ்வளவு நாளாகத் தெரியாது.

சூப் வந்தது. ஸ்பூனில் எடுத்தேன். எடுத்து, அப்பா, பழக்கதோஷத்தில் இடது உள்ளங்கையில் ஊற்றிவிட்டேன். நக்கியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்தது.

யாரும் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன, கல்லாவில் இருக்கும் அந்த ஒருத்தி மட்டும் பார்த்தாள். அவள்தான் கடைக்குச் சொந்தக்காரி. ஓடிவந்து, "கை சுட்டுவிட்டதா?" என்று ஈரத்துணி கொடுத்தாள். இல்லை, எங்கள் அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார், அங்கே நான்தான் இப்படிப் பார்த்துச் சொல்வேன் என்றேன். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சரி, சொல்லு, எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

உப்பு குறைவு என்று சொன்னேன். அரைக் கை.

அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! அடுப்படியைப் பார்த்து, உப்பு போதாதாம் என்று கத்தினாள். உள்ளேயிருந்து ஏதோ பதில் ஏச்சு வந்தது. பிறகு மேசையிலிருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை என் பக்கம் நகர்த்தினாள். "எல்லார் நாக்குக்கும் நான் எங்கே போவேன்? அதுக்குத்தான் இது" என்றாள். எல்லா மேசையிலும் ஒரு குப்பி இருக்கிறது. ஏழு மாதமாக வெளியிலிருந்து பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

இங்கே குறைத்துத்தான் போடுகிறார்கள். மீதியைச் சாப்பிடுகிறவர் போட்டுக்கொள்கிறார். நீங்களும் கையைக் குறைத்துப் போட்டு, உப்பை மேசையில் வைத்துப் பாருங்கள்.

ரொட்டி நன்றாக இருந்தது. அதில் லேசான புளிப்பு உண்டு. உருளைக்கிழங்கு மசித்ததில் உப்பு சரி, வறுத்ததில் கூடுதல். முட்டைகோஸ் வெந்து குழைந்துவிட்டது, நீங்களாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். டீயை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மகள்,
முத்துசெல்வி

*

கோவில்பட்டி
14.7.2002

அம்மா முத்துசெல்விக்கு அப்பா எழுதுதேன். காத்தும் வெயிலுமா இருக்கு இங்க, கண்ணுல மண்ணு விழுது. மத்தபடி சுகம்.

நீ எழுதினபடி செஞ்சிட்டேன். எட்டு பெஞ்சிக்கும் எட்டு கிண்ணம் வாங்கி உப்பு வச்சாச்சு. மொத நாளு சிவனாண்டி பாத்துட்டு, "மொதலாளி, நாளைக்குப் புளியையும் பருப்பையும் மேசையில வச்சிருவோம், அவியளே சாம்பார் வச்சிக்கிடட்டும், நாம வீட்டுக்குப் போயிருவோம்"ங்கான். வாறவிய எல்லாம் ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போட்டுக்கிடுதாவ. நேத்து செண்பகராஜ் அண்ணாச்சி வந்தாவ. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது என்னடே புது வழக்கம்?"னு கேட்டாவ. "அயர்லாந்து வழக்கம் அண்ணாச்சி, எம்மக எழுதியிருக்கா"ன்னு சொன்னேன். ரெண்டாஞ் சோறு வாங்கிச் சாப்பிட்டாவ.

போன திங்கக்கிழமை ஒரு டீச்சரம்மா பஸ்ஸை விட்டுட்டு வாசல்ல நின்னாவ. பார்சல்தான் கேட்டாவ. உள்ள வாங்க தாயின்னு கூப்பிட்டு மொதப் பெஞ்சியில உக்கார வச்சு இலை போட்டேன். சுத்திமுத்திப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாவ. ரெண்டாம் சாம்பார் நான் ஊத்தினேன்.

கூட்டம் போன பிறவு, மூணு மணி இருக்கும், அந்தப் பெஞ்சியில நானும் உக்காந்தேன். இத்தனை வருசத்துல நான் அங்க உக்காந்து சாப்பிட்டதில்ல. சாம்பாரை உள்ளங்கையில ஊத்தி, உன்னை மாதிரி பாத்தேன். உப்பு இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியல தாயி. கிண்ணத்துலருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பாத்தேன். அப்பவும் தெரியல. எதிர்ப் பெஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு முடிச்சேன்.

ரெண்டு வருச வேலையில இன்னும் பதினஞ்சு மாசம் இருக்கு உனக்கு. ஞாயித்துக்கிழமை தவறாமப் போய்ச் சாப்பிடு, என்னன்னு எழுது. நீ வந்து கை நீட்டுத வரைக்கும் உப்பு மேசையில இருக்கட்டும்.

அப்பா